புனிதர் வேடமும் பிள்ளைகளின் கேள்விகளும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழாவையொட்டி, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த புனிதரைப் போல வேடமிட்டு வந்து இரண்டு நிமிடம் பேசுவார்கள். கட்டாயம் எதுவும் இல்லை. பிற சமயப் பிள்ளைகளும் விரும்பினால் சேரலாம், இல்லையென்றால் உட்கார்ந்து கைதட்டலாம்.

பேச்சுக்குத் தயாராகும்போது வீட்டில் கேள்விகள் கிளம்பியிருக்கின்றன. "இதெல்லாம் உண்மையிலேயே நடந்ததா?" என்று சிலர் கேட்டீர்கள். "சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு ரத்தம் எதற்கு?" என்று வேறு சிலர். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான்.

மாணவர்களின் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் புனிதர் அலெக்சாந்திரியா கத்தரீனையே எடுத்துக்கொள்வோம். நன்றாகப் படித்த இளம்பெண். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய ரோமப் பேரரசனை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். அவரை வாதத்தில் மடக்க அவன் ஐம்பது அறிஞர்களை வரவழைத்தான். அத்தனை பேரும் தோற்று, அவருடைய பக்கமே சேர்ந்துவிட்டார்கள். முள் பதித்த சக்கரத்தில் அவரைக் கட்ட முயன்றபோது சக்கரம் உடைந்து சிதறியது. கடைசியில் தலையை வெட்டினார்கள். உடலை வானதூதர்கள் சீனாய் மலைக்குக் கொண்டுபோனார்கள் என்று கதை முடிகிறது.

ஆனால் அவர் காலத்து ஏடு எதிலும் கத்தரீன் பெயர் இல்லை. கதை எழுத்துக்கு வந்ததே பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். 1969-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வழிபாட்டு நாள்காட்டியைச் சீர்படுத்தியபோது, உலகத் திருச்சபை முழுவதற்குமான பொது நாள்காட்டியிலிருந்து கத்தரீன், பார்பரா போன்ற புனிதர்களின் விழாக்கள் எடுக்கப்பட்டன. 2002-இல் கத்தரீன் திரும்ப வந்தார். அவருடைய விழா நவம்பர் 25, விருப்ப நினைவு, அதாவது விரும்பினால் கொண்டாடலாம். நாள்காட்டியிலிருந்து எடுத்ததால் புனிதர் பட்டம் போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பயணிகளின் பாதுகாவலரான கிறிஸ்டோபரின் விழாவும் 1969-இல்தான் அந்தந்த ஊர்த் திருச்சபையின் விருப்பத்துக்கு விடப்பட்டது. காரில் அவர் படம் வைத்திருப்பவர்கள் கழற்ற வேண்டாம்!

கத்தரீன் கதையைக் கைவிட எனக்கு மனமில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பிரெஞ்சுப் பெண் ஜோன் ஆஃப் ஆர்க், 1431-இல் தன்மேல் நடந்த சமய விசாரணையில், தன்னோடு பேசியவர்களில் ஒருவர் கத்தரீன் என்றாள். கற்றறிந்த நீதிபதிகள் நடுவே தனியாக நின்ற அந்தப் பெண்ணுக்கு, ஐம்பது அறிஞர்களை வென்றவரின் துணை எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்! அதனால் கதையைத் தாராளமாகச் சொல்லட்டும். "என்று மரபு சொல்கிறது" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் பேச்சில் சேர்த்துக்கொடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது புரியும்.

பையன்களிடம் செபஸ்தியாருக்குத்தான் போட்டி, அம்புகள் இருப்பதால். இவர் விஷயம் வேறு. ரோம் நகரில் அடக்கம் செய்யப்பட்ட மறைசாட்சிகளின், அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களின், பழைய பட்டியல் ஒன்று, 354-ஆம் ஆண்டுத் தொகுப்பில் கிடைக்கிறது. அதில் ஜனவரி 20 என்ற தேதியுடன் அவர் பெயர் இருக்கிறது. அவரைக் கட்டி வைத்து அம்பு எய்தார்கள் என்ற கதை பிறகு வந்து சேர்ந்தது. அந்தக் கதையிலும் அம்பு பட்டு அவர் சாகவில்லை. ஐரீன் என்ற கைம்பெண் அவரை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயம் ஆற்றினார். குணமானதும் தப்பி ஓடாமல் பேரரசன் முன்னால் போய்க் கண்டித்தார், அப்புறம்தான் அடித்துக் கொன்றார்கள். நம் பிள்ளைகள் அம்போடு நிறுத்திவிடுகிறார்கள். ஐரீனுக்கு இரண்டு வரி கொடுத்தால் ரத்தம் தானாகக் குறையும். ஒரு மாணவி ஐரீனாகவே வந்தால் எனக்கு மிகவும் மகிழ்ச்சி.

செசிலியா வேடத்துக்குக் கீபோர்டு தூக்கி வர வேண்டாம். திருமண வாத்தியங்கள் ஒலித்தபோது அவர் உள்ளத்தில் இறைவனுக்குப் பாடினார் என்ற ஒரே வரிதான் அவரை இசையின் பாதுகாவலராக்கியது. ஒரு பாட்டுப் பாடினால் போதும்.

நாளும் இடமும் உறுதியாகத் தெரிந்த மறைசாட்சி வேண்டும் என்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்: 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர், 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு 2022-இல் புனிதரான தேவசகாயம்.

வேடத்தை வாடகைக்கு எடுக்காதீர்கள். பழைய சேலை, துப்பட்டா, அட்டை போதும். வாளும் அம்பும் அட்டையில் மட்டுமே. சிவப்புச் சாயம் வேண்டாம். எந்தப் புனிதர் என்பதை டைரியில் எழுதி, அக்டோபர் 24-க்குள் வகுப்பாசிரியருக்குத் தெரிவியுங்கள். ஒரே வகுப்பில் ஐந்து செபஸ்தியார் வந்தால் சிலரை மாற்றச் சொல்வோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்