உன் வாசலில் தொடங்கும் கோடு

கோயம்புத்தூர்
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள தேவகி,

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து பன்னிரண்டு நாளாகிறது. நாலு வேளையும் சொட்டு மருந்து விட நான் பக்கத்தில் இருந்தாக வேண்டும். மற்ற நேரமெல்லாம் கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை நலம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். நீ பத்துக் கிலோமீட்டர் ஓடி மெடல் வாங்கியதைச் சொன்னேன். "நம்ம தேவகியா? காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டாளே!" என்று நம்பவே இல்லை. கண் கூசுகிறது என்று போனைப் பார்க்க மறுப்பதால் படத்தை இன்னும் காட்ட முடியவில்லை.

சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று நீ போனில் அழுததை நான் மறக்கவில்லை. அங்கே தொடங்கி இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய். எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்னொன்றைச் சொல்லியே ஆகவேண்டும். போனில் சொன்னால் "சரிடி, பார்க்கிறேன்" என்று அடுப்படிக்குப் போய்விடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வாரம், ஓடும் பாதையை வரைபடத்தில் பதிந்து மற்றவர்களுக்குக் காட்டும் அந்த ஸ்ட்ராவா செயலியில் என்னைச் சேர்த்தாய் அல்லவா? அன்று ராத்திரி உன் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இருபத்து மூன்று ஓட்டங்கள், இருபத்து மூன்று ஆரஞ்சுக் கோடுகள். எல்லாம் ஒரே புள்ளியில் தொடங்கி அதே புள்ளியில் முடிகின்றன. அந்தப் புள்ளியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் உன் வீட்டு வாசல். செவ்வாய், வியாழன், சனி. காலை ஐந்து பத்து. திருவான்மியூர் கடற்கரைக்குப் போகும் தெரு, அங்கிருந்து இடது பக்கம், அதே முனையில் திரும்பி வருவது. சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் நீளம். கடைசி ஓட்டத்துக்கு நீ வைத்திருந்த தலைப்பு: "எல்லாரும் ஊருக்குப் போயாச்சு, பத்து நாள் நான் மட்டும், தனியா 8 கி.மீ." கூடவே கேட்டுக்கு முன்னால் நின்று எடுத்த படம். கதவு எண் பளிச்சென்று தெரிகிறது.

உன் வீட்டை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். உன்னைத் தெரியாத ஒருவருக்கு இதையெல்லாம் கண்டுபிடிக்க எனக்கு ஆன அரை மணி நேரம்கூட ஆகாது. பார்க்கும் உரிமையை நீ "எல்லோருக்கும்" என்றே வைத்திருக்கிறாய்.

உன்னிடம்கூட நான் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது வேறொரு செயலி வைத்திருந்தேன். ரேஸ்கோர்ஸில் ஓடுவேன், ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர், தினம் மூன்று சுற்று. ஒரு நாள் தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில், முன்பின் பார்த்திராத ஒருவர் பக்கத்தில் வந்து, "செவ்வாய்க்கிழமை வரலீங்களே, உடம்பு சரியில்லீங்களா? போன வாரம் பீளமேட்டுப் பக்கம் ஓடியிருந்தீங்க போல" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. பீளமேட்டில் அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன், அங்கிருந்து ஓடினேன். அது வீட்டில் உள்ளவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

நேரத்தை மாற்றினேன். ஒரு வாரத்தில் அந்த நேரத்துக்கும் வந்துவிட்டார். பிறகு ஒரு நாள் எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன், பெட்டியை அப்படியே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "காலைல ஓடப் போவாங்களே, அந்தம்மா வீடு எதுன்னு ஒருத்தர் கேட்டார்ங்க. நான் தெரியாதுன்னுட்டேன்" என்றார். அன்றைக்கே வீட்டில் சொன்னேன். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம், அவரைக் கூப்பிட்டுப் பேசினார்கள், நின்றது. ஆனால் நாலு மாதம் நான் வெளியே ஓடவில்லை. ராத்திரி தூக்கமும் சரியாக வரவில்லை. அவர் எங்கேயும் பூட்டை உடைத்து நுழையவில்லை, தேவகி. நான் என்றைக்கு, எங்கே, எத்தனை மணிக்கு ஓடுவேன் என்பதெல்லாம் அங்கே திறந்தே கிடந்தது.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா ஓர் உலக வரைபடத்தை வெளியிட்டது. அதில் யார் பெயரும் கிடையாது, நூறு கோடி உடற்பயிற்சிப் பதிவுகளைச் சேர்த்து வரைந்த ஒளிக்கோடுகள் மட்டும்தான். 2018 ஜனவரியில் 20 வயது ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் ஆளரவமற்ற இடங்களில் ராணுவ முகாம்களின் உருவமே தெரிகிறது என்று காட்டினார். சிப்பாய்கள் முகாமின் சுற்றுச்சுவரை ஒட்டித் தினமும் ஓடியதுதான் காரணம். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, களத்தில் இருப்பவர்கள் இடம் காட்டும் வசதியைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. ஒரு தடவை ஓடினால் அது அவ்வளவாக எதையும் காட்டிக்கொடுக்காது. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி ஓடுகிறோமே, அதுதான் காட்டிக்கொடுக்கிறது.

2024 அக்டோபரில் பிரான்ஸின் 'ல மோந்த்' பத்திரிகை எழுதியது இன்னும் நம் நிலைமைக்குப் பக்கத்தில் வருகிறது. நாட்டுத் தலைவர்கள் தங்கள் ஓட்டத்தைப் போடவில்லை. கூட இருந்த பாதுகாவலர்கள் போட்டிருக்கிறார்கள். 2021இல் அதிபர் மக்ரோன் ஓன்ஃப்ளோர் என்ற ஊருக்குச் சொந்த வேலையாகப் போனது யாருக்கும் அறிவிக்கப்படவில்லை. காவலர்களின் ஓட்டத்தை வைத்தே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நீ எவ்வளவு மறைத்தாலும், உன்கூட ஓடும் குழுவில் ஒருவர் "தேவகியோடு காலை ஓட்டம்" என்று எல்லோரும் பார்க்கப் போட்டால் தீர்ந்தது. அதனால் உன் குழுவிலும் இதைப் பேசு. பெண்கள் மட்டும் இருக்கும் குழு என்றாய், எல்லோருக்கும் உதவும்.

"வீட்டைச் சுற்றி மறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதே" என்று நீ கேட்பாய். இருக்கிறது, போட்டுக்கொள். ஆனால் நாம் இரண்டு பேரும் கணக்குப் படித்தவர்கள், இந்த இடத்தில் நம் படிப்பு கைகொடுக்கிறது. வீட்டை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டு, அதற்குள் கோட்டை அழித்துவிட்டால் என்ன ஆகும்? நீ ஒரு நாள் கடற்கரைக்கு, ஒரு நாள் கோயில் குளத்துப் பக்கம், ஒரு நாள் ரயில் நிலையத்துப் பக்கம் போகிறாய். மூன்று கோடும் வட்டத்தின் விளிம்பில் அறுந்து நிற்கும். ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகள் வழியாக ஒரே ஒரு வட்டம்தான் வரைய முடியும், அதன் மையம் எங்கே என்பது காம்பஸ் பிடித்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். மையத்தில் இருப்பது உன் வீடு.

இது என் கற்பனை இல்லை. 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 2 கோடியே 10 லட்சம் பொதுப் பதிவுகளை எடுத்துப் பார்த்து, ஓரளவு அடிக்கடி ஓடுகிறவர்களில் 95.1 சதவீதம் பேருடைய மறைத்த இடத்தை இப்படிக் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு என்று எழுதினார்கள். நிறுவனங்கள் அதைக் கேட்டுத் தங்கள் முறையை மாற்றிக்கொண்டன. அதற்குப் பிறகும் 2022இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தினர் வேறு வழி கண்டார்கள். வரைபடத்தில் கோட்டை அழித்தாலும் மொத்த தூரத்தில் மறைத்த பகுதியும் சேர்ந்தே வருகிறது அல்லவா? எட்டுக் கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது, கண்ணுக்குத் தெரியும் கோடு ஏழு. மறைத்தது ஒன்று. அந்த ஒன்றைத் தெருக்களின்மேல் வைத்துப் பார்த்து, மறைத்த இடங்களில் 85 சதவீதம் வரை கண்டுபிடித்துவிட்டார்கள். அதைப் படித்தபோது உன் ஞாபகம்தான் வந்தது. வகுப்பில் இந்த மாதிரிக் கழித்தல் கணக்கை முதலில் போட்டு முடிப்பவள் நீதானே!

அதனால் நான் செய்வது இது. ஓட்டத்தைப் பதியும் கைக்கடிகாரத்தை வீட்டில் தொடவே மாட்டேன். பத்து நிமிஷம் நடந்து பெரிய ரோட்டுக்கு வந்து, நாலு பேர் நடமாடும் இடத்தில் நின்று தொடங்குவேன். அந்த இடமும் தினம் ஒன்றாக இருக்காது. திரும்பும்போதும் அப்படியே, முன்னாலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவேன். பதிவாகாத தூரத்தை யாரால் கழித்துப் பார்க்க முடியும்? நடந்து வருவது முழங்காலுக்கும் நல்லது. நீ கடற்கரைச் சாலை போய்ச் சேர்ந்து பொத்தானை அழுத்து.

செயலிக்குள் செய்யவேண்டியது அரை மணி வேலை. செட்டிங்ஸில் பிரைவசி கண்ட்ரோல்ஸ் போய், ஓட்டங்களை ஃபாலோயர்ஸ் மட்டும் பார்க்கும்படி மாற்று. பின்தொடர்வதற்கு உன் சம்மதம் கேட்கும்படி வை. பழைய ஓட்டங்களையும் ஒரே அடியாக மாற்ற அங்கேயே வழி இருக்கிறது, அதை மறந்துவிடாதே. இந்த இருபத்து மூன்றும் திறந்து கிடந்தால் இனிமேல் செய்வதில் பாதிப் பயன்தான். வரைபடத்தில் முன்னும் பின்னும் மறைக்கும் தூரத்தை ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல்கூட வைக்கலாம், தாராளமாக வை. வரைபடமே காட்டாமலும் போடலாம். தூரமும் வேகமும் தெரிந்தால் போதாதா, நாங்கள் கைதட்ட? அப்புறம் உன்னைப் பின்தொடரும் நூற்று நாற்பது பேரின் பட்டியலை எடுத்து, முகம் தெரியாதவர்களை நீக்கு. ராத்திரி ஏற்றினால் பரவாயில்லை என்றும் நினைக்காதே, தொடங்கிய நேரம் காலை ஐந்து பத்து என்றுதான் நிற்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு உன் வீட்டுக்காரர் "அப்போ வெளியே ஓடவே வேண்டாம், மாடியில் நட" என்றால் இந்தக் கடிதத்தையே அவரிடம் கொடு. நான் எழுதியது நீ நிறுத்துவதற்காக இல்லை. நான் இழந்த அந்த நாலு மாதம் இன்னும் எனக்கு எரிகிறது. பின்தொடர்ந்து வந்தவரை விட்டுவிட்டு, ஓடியவளைத்தான் எல்லோரும் "ஏன் ஐந்து மணிக்கே போனாய்?" என்று கேட்டார்கள். விருப்பமில்லை என்று தெரிந்த பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வதும், இணையத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பதும் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றம். யாராவது தொந்தரவு செய்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள், அழித்துவிடாதே. பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112, இரண்டையும் போனில் பதிந்து வை.

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவேண்டியவர்களும் உண்டு, தேவகி. நூற்று நாற்பது பேருக்கு அது வேண்டாம், இரண்டு பேருக்கு வேண்டும். நான் கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் ஒரு மணி நேர லைவ் லொகேஷனை, அதாவது நான் இருக்கும் இடத்தை நகர நகரக் காட்டுவதை, அக்காவுக்கு அனுப்பிவிடுவேன். ஏழு மணிக்குள் "வந்துட்டேன்" என்று செய்தி வராவிட்டால் அவள் கூப்பிடுவாள், எடுக்காவிட்டால் இவரை எழுப்புவாள். ஒரு தடவை பேட்டரி தீர்ந்து போய் நான் சொல்லாமல் விட்டதற்கு, பீளமேட்டிலிருந்து ஆட்டோ பிடித்தே வந்துவிட்டாள். வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போயிருக்கும் இந்தப் பத்து நாளும் எனக்கு அனுப்பு. ஐந்து மணிக்கு நானும் விழித்துத்தான் இருப்பேன், அம்மாவின் முதல் சொட்டு மருந்து ஐந்தரைக்கு.

பெரியவள் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது. சின்னவனுக்கு ஷூ சைஸ் என்னுடையதைத் தாண்டிவிட்டது. பொங்கலுக்கு வருகிறேன் என்றாயே, கண்டிப்பாக வா, ரேஸ்கோர்ஸில் சேர்ந்து மூன்று சுற்று போடுவோம்.

கேட்டுக்கு முன்னால் நின்று எடுத்த அந்தப் படத்தை இன்றைக்கே அங்கிருந்து எடுத்துவிடு. எனக்கு மட்டும் தனியாக அனுப்பு. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் முதலில் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள் அம்மா.

அன்புடன்,
சுமதி