கந்தசாமிக்கு ஜப்பானில் வேறு பெயர்

அன்புள்ள கந்தா,

எட்டு மாதம் எழுதாததற்குத் திட்டுவதென்றால் இந்த வரியிலேயே திட்டி முடித்துக்கொள். மகன் வீட்டில் எல்லோரும் நலம். குளிர்தான் எலும்பைக் குடைகிறது.

சென்ற வாரம் கியோட்டோவுக்குத் தெற்கே உஜியில் மன்புகுஜி கோயிலுக்குப் போனோம். சீனத்திலிருந்து வந்த இங்கென் என்ற துறவி 1661இல் நிறுவியது. முன்மண்டபத்தில் தொப்பையும் சிரிப்புமாக ஹோதெய், நம் ஊரில் 'சிரிக்கும் புத்தர்' என்கிறோமே, அவர். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கவசம் அணிந்த இளைஞன் ஒருவன் கைகூப்பி நிற்கிறான். கூப்பிய கைகளின் மேல் குறுக்காக ஒரு வாள். பெயர் இதாதென். யாரென்று கேட்டால், நம் ஸ்கந்தனாம்! சீன எழுத்தில் பெயரைப் படியெடுத்தவர் யாரோ ஓர் எழுத்தைப் பிழையாக எழுதியதில் இப்படி ஆயிற்று என்கிறார்கள். ரேஷன் கார்டில் நீ 'கந்தசாரி' ஆனபோது போட்ட சண்டை நினைவுக்கு வந்து, அங்கேயே சிரித்துவிட்டேன்.

புத்தரின் பல்லைத் திருடிக்கொண்டு ஓடிய அரக்கனைத் துரத்திப் பிடித்தவர் இவர் என்பது கதை. வேகமாக ஓடுகிறவனை இங்கே இன்றும் இதாதென் என்பார்கள். மாம்பழத்துக்காக உலகைச் சுற்றியவருக்கு இது பெரிதில்லை. ஏழே கால் பஸ்ஸை ஒருநாளும் ஓடிப் பிடிக்காத உனக்கு இந்தப் பெயரா! ஜென் மடங்களில் சமையற்கட்டுக்கும் இவரே காவல். அது உனக்குப் பொருந்தும்.

அண்ணன் நிலைமைதான் எனக்குப் பொறுக்கவில்லை. டோக்கியோ அசாகுசாவில் மாட்சுச்சியாமா கோயிலில் இருக்கிறார். ஆனால் பார்க்க முடியாது. யானைமுகத்தோடு இருவர் தழுவி நிற்கும் வடிவமாம். கதவுக்குப் பின்னால் மறைத்தே வைத்திருக்கிறார்கள். அரசமரத்தடியில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருப்பவரை இப்படியா பூட்டுவது? தேங்காய் கிடையாது, முள்ளங்கிதான் படையல். படைத்ததில் ஒன்றைப் பிரசாதமாகக் கொடுத்தார்கள். மருமகள் சாம்பார் வைத்தாள். கியோட்டோவில் கொழுக்கட்டைக்கு ஒரு தம்பியும் கிடைத்தான்: கன்கிதான். சுருக்குப்பை போல முடிந்து நல்லெண்ணெயில் பொரித்தது. உள்ளே இனிப்புப் பயறு, வெளியே பல்லைப் பதம் பார்க்கும் ஓடு.

போகட்டும். மூட்டு ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமாகியும் நீ நாற்காலியை விட்டு எழுவதில்லை என்று கமலா எழுதியிருந்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. ராமுவும் 'நாளைக்கு, நாளைக்கு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். வலிக்கும், தெரியும். தெருமுனைப் பிள்ளையார் வரை போய்த் திரும்பு, போதும். அவரையாவது நேரில் பார்க்கலாம். போன நாட்களைக் காலண்டரில் சுழித்து வை. சித்திரையில் வந்து எண்ணுவேன், கமலாவிடமும் விசாரிப்பேன்.

கன்கிதான் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். உன் பல்செட்டுக்கு ஆகாது, கமலாவுக்கு.

உன்,
சிவராமன்