வாலை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெரு, குடியிருப்பு, நீர்நிலைப் பெயர்களிலுள்ள சாதியை நீக்கச் சொல்லி 2025 அக்டோபரில் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. நீக்க வேண்டியதுதான், அதில் மறுப்பில்லை. ஆனால் பெயரில் எந்தத் துண்டை எடுக்கிறோம், அங்கே எதை வைக்கிறோம் என்பதில் இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

தமிழ் இடப்பெயரில் பெரும்பாலும் இரண்டு துண்டுகள் இருக்கும். தலை, அங்கே யார் குடியிருந்தார், யார் ஆண்டார், எந்த மரம் நின்றது என்று சொல்லும். வால் நிலத்தைச் சொல்லும். எல்லா வாலும் அப்படியல்ல. மங்கலம் என்றால் பெரும்பாலும் பிராமணர்க்கு விட்ட ஊர். பாளையம் படை தங்கிய இடத்தையும் பாளையக்காரர் ஆட்சியையும் நினைவூட்டும். பேட்டை என்றால் வணிகம். ஆனால் ஏரி, குளம், துறை, காடு, குன்றம் என்று முடிகிறவை அதிகாரம் எத்தனை முறை கைமாறினாலும் மண்ணைவிட்டு நகராதவை.

நீர்ச்சொற்களை மட்டும் பாருங்கள். வடக்கே தாங்கல், தெற்கே ஏந்தல். இரண்டுமே மழைநீரைப் பிடித்து வைக்கும் இடம்; ஒரு வட்டாரத்தார் 'தாங்கு' என்ற சொல்லை எடுத்தார்கள், மற்றவர்கள் 'ஏந்து' என்பதை. குடிக்க ஊருணி, பாசனத்துக்குக் கண்மாய். ஆற்றின் நடுவே மேடிட்ட திட்டு துருத்தி. திருப்பூந்துருத்தி அப்படி வந்தது. கோடியக்கரையின் 'கோடி' எண் அல்ல, நிலத்தின் முனை. பெயரில் தாங்கல் இருந்து கண்ணெதிரே தாங்கல் இல்லையென்றால், அங்கே மனை வாங்குகிறவர் முதலில் கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. வானிலை அறிக்கைக்கு முன்பே வந்த வெள்ள எச்சரிக்கை அந்தப் பெயர்.

வால் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. நகருக்குப் பிட்டி தியாகராயர், பூங்காவுக்குப் பனகல் அரசர், சாலைகளுக்கு டி.எம். நாயர், உஸ்மான் என்று ஒரு கட்சியின் வரலாற்றையே அந்தப் பகுதியில் நடந்து படித்துவிடலாம். ஏரி மட்டும் எங்கும் இல்லை. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்றொரு பலகை மிஞ்சியிருக்கிறது; பார்க்க ஏரிதான் இல்லை. பிற்பாடு சாதி நீக்கம் வந்தபோது ஜி.என். செட்டி சாலை பலகையில் ஜி.என். சாலை ஆனது. அந்த இரண்டு எழுத்துக்குரியவர் யாரென்று புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. பழைய ஆட்கள் வாயில் செட்டி ரோடு அப்படியே இருக்கிறது. வெட்டினால் மட்டும் பெயர் மாறிவிடாது.

சாதிப் பெயரை எடுத்ததும் தலைவர் பெயர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் அப்படி வைத்துப் பார்த்தோம். ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குப் பட்டியல் சமூகத்தவரான விடுதலைப் போராளி வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டிக் கலவரம் வெடிக்க, 1997இல் எல்லாத் தலைவர் பெயர்களையும் அரசு மொத்தமாக எடுத்தது. காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆயிற்று, பெரியார் மாவட்டம் ஈரோடு ஆயிற்று. தலைவரையும் சாதிக்கணக்கில் சேர்த்துவிடும் சமூகத்தில், தெருவுக்குத் தெரு அதே சண்டையை எதற்கு மறுபடி விதைக்க வேண்டும்? அந்தத் தெரு எந்த மடைக்குப் போகிறது, எந்தக் குளக்கரையில் தொடங்குகிறது என்று பாருங்கள். மடைத் தெருவுக்கு யாரும் கொடி பிடிக்க மாட்டார்கள்.

நிலத்தைச் சொல்லும் வால் அறுந்துபோய்த் திரும்பிய ஊரும் உண்டு. மயிலாடுதுறை மாயூரம் ஆனபோது மயில் வடமொழியில் தப்பிப் பிழைத்தது, காவிரித் துறை காணாமல் போனது. 1982இல் பழைய பெயர் வந்தபோதுதான் துறையும் கூடவே வந்தது. முதுகுன்றமோ வடமொழியில் விருத்தாசலமாகவே நின்றுவிட்டது.

வாலையே எடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலக் கல்வெட்டு, பிராமணர் ஊரின் பகுதிகளையே 'சேரி' என்கிறது. சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். பிறகு அது ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பை மட்டும் சுட்டும் சொல்லாகி வசையாயிற்று. அதன் இடத்துக்கு வந்த 'காலனி'க்கும் அதே கதி நேர, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் 'காலனி'யை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்துக்கு மட்டும் 'நகர்' என்று போட்டால், சில வருடத்தில் 'நகர்' என்றாலே அந்தப் பக்கம் என்றாகிவிடும். ஊரின் இரு பக்கத்துக்கும் முகவரியில் ஒரே ஊர்ப்பெயர் வர வேண்டும். பிரிப்பதற்குத் தெருப்பெயர் போதும்.

அவசரத்துக்கு ஓர் உதாரணம்: 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தி 2020 ஜூனில் அரசாணை வெளியாகி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. வேலூருக்கு வைத்த கூட்டலைப் படித்தால் 'வீலூர்' என்று வந்தது. 'ஏ' என்ற நெடிலுக்கு ஆங்கிலத்தின் 'ஈ' எழுத்தை இரண்டு முறை போட்டால் வேறு எப்படி வரும்? பெயரை உரக்கப் படிக்கச் சொல்லி, தமிழ் தெரியாத ஒருவரிடம் பட்டியலைக் கொடுத்திருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும்.

உள்ளாட்சிகள் தீர்மானம் போடும் முன் செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. பதிவேட்டில் உள்ள பெயர், ஊரார் வாயில் வழங்கும் பெயர், பக்கத்தில் உள்ள நீர்நிலை அல்லது மேடு பள்ளம், சர்வே எண் என்று நான்கு பத்தியுள்ள அட்டவணை போட்டு எழுத வேண்டும். வாய்ப்பெயரை முதியவர் ஒருவரைச் சொல்லச் சொல்லி ஒலிப்பதிவு செய்துகொண்டால் ல, ள, ழ தகராறு வராது. தலபுராணக் கதையைக் கடைசியில் பார்த்தால் போதும். கிராம வரைபடமும் கல்வெட்டும் முதலில்.

மாற்றிய பிறகு 'முன்னாள் பெயர்' என்று ஒரு பத்தி பதிவேட்டில் கட்டாயம் இருக்கட்டும், வெளியே பலகையில் வேண்டாம். பழைய பத்திரங்களில் சொத்தின் நான்கெல்லையைச் சொல்லும் செக்குபந்தியில் அந்தத் தெருப்பெயர்தான் எழுதியிருக்கும். அது எந்தத் தெரு என்று சொல்ல ஒரு பதிவும் இல்லாமல் போனால், எல்லைத் தகராறில் பாதிக்கப்படுகிறவர் சாதிப் பெயரால் காலமெல்லாம் அவமானப்பட்டவராகவே இருக்கவும் கூடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்