அவர்கள் பர்மியர் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் நடந்த ஒரு விழாவின் வண்ணப்படம் வெளிவந்திருந்தது. கைத்தறிச் சட்டை அணிந்த இளைஞர்களும் பெண்களும் வரிசைகட்டி ஆடுகிறார்கள். கீழே, ‘பர்மிய அகதிகளின் நடனம்’ என்று ஒரு வரி. மகளைப் பார்க்க வந்து நான்கு மாதமாக அதே நகரில்தான் இருக்கிறேன், விழாவுக்கும் போயிருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

அவர்கள் கரென் மக்கள். பர்மாவில் (இன்றைய மியான்மரில்) வாழ்ந்தவர்கள், பர்மியர் அல்லர். தனி மொழி பேசும் தனி இனம். நானும் முதலில் உங்களைப் போலத்தான் நினைத்தேன். எங்கள் மாடியிலேயே ஒரு கரென் குடும்பம் இருக்கிறது. வந்த புதிதில், சிறுவயதில் பேசி மறந்துபோன பர்மியச் சொற்களில் நாலைந்தைப் பொறுக்கி அந்த வீட்டுப் பாட்டியிடம் நலம் விசாரித்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “பாட்டிக்கு முன்னால் அந்த மொழி வேண்டாம்” என்று பேத்தி மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னாள். ஊரை எரிக்க வந்தவர்கள் பேசிய மொழி அது. கரென் படைக்கும் பர்மிய அரசுக்கும் 1949 ஜனவரியில் தொடங்கிய போர் இன்னும் ஓயவில்லை. 1984 முதல் எல்லை தாண்டி, தாய்லாந்து முகாம்களின் மூங்கில் குடிசைகளில் இரண்டு தலைமுறை பிறந்து வளர்ந்தது. வெளியே போய் வேலை பார்க்க 2025 வரை அனுமதி இருக்கவில்லை. 2005-க்குப் பிறகுதான் பெருமளவில் அமெரிக்காவுக்கு வர வழி பிறந்தது.

‘அகதி’ என்ற சொல்லும் என்னை உறுத்தியது. 1964-ல் ரங்கூனில் கப்பலேறி, ஒன்பது வயதில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவன் நான். எனக்குப் பேரன் பிறந்த பிறகும் வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்கு ‘பர்மா அகதி வீடு’ என்றுதான் வழி சொன்னார்கள்.

நீங்கள் படம் போட்டது மணிக்கட்டில் நூல் கட்டும் விழா. ஆகஸ்டில் வரும். மேசைமேல் ஏழு பொருள்கள் வைக்கிறார்கள்: குளிர்ந்த நீர், வெள்ளை நூல், சோற்றுருண்டை, இலையில் முக்கோணமாகக் கட்டி அவித்த ஒட்டரிசி (செட்டிநாட்டுக்குப் பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசிக்கு இது உறவு), வாழைப்பழம், கரும்பு, காம்போடு ஒரு பூ. பெரியவர் மேசையைத் தட்டித் தட்டி, உடம்பை விட்டு எங்கோ அலையும் உயிரைத் திரும்பி வரும்படி கூப்பிடுகிறார். பிறகு நூலைக் கட்டுகிறார். இத்தனை எல்லைகளைத் தாண்டி வந்தவர்களின் உயிர் எந்தக் காட்டில் நின்றுவிட்டதோ, கூப்பிடத்தானே வேண்டும்? எனக்கும் கட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

அந்தப் பாட்டி தறியின் ஒரு நுனியைப் பால்கனிக் கம்பியில் கட்டி, மறுநுனி வாரைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டு, கால் நீட்டி உட்கார்ந்து நெய்கிறார். அவர் பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும். முன்னால் குனிந்தால் தளரும். உடம்பே தறியின் பாதி. நெய்துகொண்டே ஒரு கதை சொன்னார், பேத்தி ஆங்கிலப்படுத்தினாள்.

அவர்களின் ஆதித் தகப்பன் டோ மே பா. காட்டுப்பன்றியின் கோரைப்பல்லில் சீப்பு செய்து தலை வாரினார். மூப்பு போய் இளமை திரும்பியது. பிள்ளைகுட்டிகள் பெருகவே, நல்ல நிலம் தேடி எல்லோரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். வழியில் ஓர் ஆற்றங்கரையில் நத்தை பிடித்து அவித்தார்கள். எத்தனை நேரம் ஆனாலும் ஓடு வேகவில்லை. வேகட்டும் என்று பிள்ளைகள் காத்திருக்க, பொறுமையிழந்த கிழவர் சீப்போடு முன்னால் போய்விட்டார். பின்தொடர்ந்தவர்கள், அவர் வெட்டிப்போட்ட வாழைகள் மறுபடி குருத்துவிட்டு நிற்பதைப் பார்த்து, ‘போய் வெகுநாள் ஆகிவிட்டது, இனிப் பிடிக்க முடியாது’ என்று நின்றுவிட்டார்களாம். வாழை ஒரே நாளில் குருத்துவிடும் என்பது வாழை வைத்த எவருக்கும் தெரியும். பாட்டி இதைச் சொல்லிவிட்டு, தன் முன்னோரின் அவசர முடிவை நினைத்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

பெயரிலும் ஒரு வேடிக்கை. கரென் மக்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ‘சோ’ என்பது ஆணுக்கும் ‘நோ’ என்பது பெண்ணுக்கும் முன்னால் வரும் மரியாதைச் சொல். அமெரிக்கப் படிவத்தில் அதுவே முதற்பெயராகிவிட்டது. இனிஷியலோடு விமான நிலையத்தில் நின்று தவித்த தமிழர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். முகாமிலிருந்து வந்த பலருக்குப் பிறந்தநாள் ஜனவரி 1. நம் தலைமையாசிரியர்கள் பாதி ஊரையே மே, ஜூனில் பிறக்கவைக்கவில்லையா?

ஆஸ்திரேலியாவில் நில் என்று ஒரு சிற்றூர் (நம் காதுக்குப் பொருத்தமான பெயர்). அங்கே குடியேறிய சுமார் 160 கரென் மக்களால் ஐந்தாண்டுகளில் வட்டாரத்துக்கு 4 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வருமானம் கூடியதாக 2015-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அகதியைப் பாராட்ட எப்போதும் இந்தக் கணக்கைத்தான் எடுக்கிறோம். நத்தைக் கதைக்கு எந்த வரவு செலவு?

டிசம்பர், ஜனவரி வாக்கில் அவர்களின் புத்தாண்டு வரும். ஆட்டமும் தவளை உருவம் பதித்த வெண்கல முரசும் இருக்கும். உங்களுக்குப் படமும் கிடைக்கும். அப்போது கீழே ‘கரென்’ என்று போடுங்கள். மூன்றே எழுத்து, இடம் அடைக்காது.

இப்படிக்கு,
வியாசர்பாடி வாசகர்
(தற்போது செயின்ட் பால், மினசோட்டா)