எங்கள் ஏடிஎம் அட்டைகளை மீட்டுத் தரக் கோரி மாவட்ட ஆட்சித்தலைவருக்கு ஒரு மனு

அனுப்புநர்:
தூய்மைப் பணிப் பெண்கள் 14 பேர்,
திருநெல்வேலி மாநகரம்.
(பெயர், முகவரி, ஒப்பந்ததாரர் விவரம், வேலை பார்க்கும் இடம் எல்லாம் தனி உறையில் வைத்து ஒட்டி இணைத்துள்ளோம்.)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: முன்பணத்தைக் காட்டி ஏடிஎம் அட்டைகளையும் ஆதாரையும் பிடித்து வைத்துக்கொண்டு வேலை வாங்குதல் – 1976ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி விசாரித்து மீட்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். நகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஒப்பந்ததாரர் மூலமாகத் துப்புரவு வேலை பார்க்கிறோம். இந்த மனுவை எங்கள் 14 பேருக்காகவும் எழுதும் நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். தாங்கள் மனு வாங்கும் திங்கள்கிழமைகளில் மூன்று தடவை, திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து சுலோச்சன முதலியார் பாலம் வரை நடந்து வந்து, மனு கொடுத்தது தெரிந்தால் வேலை போய்விடுமே என்று பயந்து திரும்பிப் போனோம். இது நாலாவது திங்கள்கிழமை.

எங்கள் குறையைச் சம்பளம் கூட்டிக் கேட்கும் மனுவாக எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக, நடந்ததை அப்படியே எழுதுகிறேன். 2023 ஜூன் மாதம் என் மகளைக் காலேஜில் சேர்க்க ஒப்பந்ததாரரிடம் 25,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினேன். அன்றைக்கே ஏடிஎம் அட்டை, பாஸ்புக், அசல் ஆதார் மூன்றையும் சூப்பர்வைசர் வாங்கிக்கொண்டார். எழுதாத புரோநோட்டில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். வங்கிக் கணக்கில் இருக்கும் செல் நம்பர்கூட என்னுடையது இல்லை. மாதம் 1,500 வீதம் 28 மாதம் பிடித்திருக்கிறார்கள். 42,000 ஆகிறது. அவருடைய நோட்டில் நான் இன்னும் 9,000 ரூபாய் பாக்கி. வட்டி என்கிறார், லீவு போட்ட அபராதம் என்கிறார். மாமியார் இறந்த அன்றைக்கு வராததற்கும் இரண்டு நாள் சம்பளம் அந்த நோட்டில் ஏறியிருக்கிறது.

மாதாமாதம் கையில் 8,000 ரூபாய்தான் தருவார்கள், அதுதான் சம்பளம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் வங்கியில் பாஸ்புக் தொலைந்துவிட்டதாக எழுதிக் கொடுத்துப் புதுப் பாஸ்புக் வாங்கி என்ட்ரி போட்டேன். ஒவ்வொரு 7ஆம் தேதியும் 13,200 ரூபாய் ஏறியிருக்கிறது. அதே நாளில் 10,000 ஒரு தடவை, 3,200 ஒரு தடவை, வண்ணார்பேட்டை ஏடிஎம்மில் எடுத்திருக்கிறார்கள். கூட வேலை பார்க்கும் அக்காவும் அதேபோலப் பாஸ்புக் வாங்கினார். அவருக்கும் அதே தேதி, அதே ஏடிஎம். எங்கள் 14 அட்டைகளும் ரப்பர் பேண்ட் போட்டு ஒரே கட்டாக சூப்பர்வைசரின் மேசை டிராயரில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஸ்டிக்கர் ஒட்டி, எங்கள் பெயரும் ரகசிய எண்ணும் பேனாவால் எழுதியிருக்கிறது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

அட்டையை வங்கியில் சொல்லி முடக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். முடக்கினால் மறுநாளே வேலை போகும், புரோநோட்டில் என்ன தொகை வேண்டுமானாலும் எழுதிக்கொள்வார்கள். வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று போன வருஷம் நான் சொன்னபோது கிடைத்த பதில், "ஏட்டி, துட்ட வச்சிட்டு எங்க வேணும்னாலும் போ. கணக்கு முடியாம நீ எங்கயும் போயிர முடியாது."

அய்யா, கொத்தடிமை என்றதும் செங்கல் சூளையும் அரிசி ஆலையும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. நாங்கள் யூனிஃபார்ம் போட்டு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டி, ஏசி ஓடும் கட்டிடத்தில் தரை துடைக்கிறோம். பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் வாங்கிய முன்பணத்துக்காக வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்து உழைப்பவரைக் கொத்தடிமை என்றுதான் 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டக் கூலிக்கு, அதாவது அரசு குறித்த குறைந்தபட்சக் கூலிக்கு, குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதே அரசியல் சாசனம் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தொழிற்சங்கத்தில் இருக்கும் ஓர் அண்ணாச்சி இதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினார். அந்தக் கடன் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவருடையது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் இந்த மனுவை எழுதத் துணிந்தேன்.

வேலை எப்படி என்றும் சொல்ல வேண்டும். கக்கூஸ் கழுவ ஆசிட் தருகிறார்கள், கையுறை மாதம் ஒரு ஜோடி, அது ஒரு வாரம் தாங்காது. என் வலது கையில் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை இயந்திரத்தில் விரல் வைத்தால் விழுவதில்லை, ஒவ்வொரு தடவையும் மகளைக் கூட்டிப் போய் அரிசி வாங்குகிறேன். இஎஸ்ஐ பிடிப்பதாகச் சொல்கிறார்கள், இதுவரை ஒருவருக்கும் கார்டு வரவில்லை. குப்பைப் பையில் கிடந்த ஊசி குத்திய ஒரு பெண், ஆஸ்பத்திரிக்குள்ளேயே வேலை பார்த்தும், வெளியில் போய்ச் சொந்தக் காசில்தான் ஊசி போட்டுக்கொண்டாள்.

எங்களைவிட மோசமான நிலையில் இருப்பவர்கள் ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் ஆறு தம்பிகள். இரவு வேலை அவர்களுக்குத்தான். புறவழிச்சாலை ஓரம் ஒரு ஷெட்டில் தங்க வைத்து, வேலை முடிந்து போனதும் வெளியில் பூட்டுகிறார்கள். எங்களுக்காவது வீடு இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. பாஷை தெரியாத அந்தப் பிள்ளைகள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? தயவுசெய்து ஒடியா தெரிந்த ஒருவரோடு போய், ஒப்பந்ததாரரின் ஆட்கள் யாரும் இல்லாத இடத்தில் வைத்து, அவர்களை முதலில் விசாரிக்க வேண்டும். எங்கள் அட்டைகள் ஒரு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை.

அடுத்து நாங்கள் கேட்பது, அட்டையும் ஆதாரும் புரோநோட்டும் எங்கள் கைக்கு வர வேண்டும். அடுத்த 7ஆம் தேதி அந்த ஏடிஎம் வாசலில் ஒரு வருவாய் ஆய்வாளரை நிறுத்தினால், ஒரே ஆள் எத்தனை அட்டையில் பணம் எடுக்கிறார் என்பது தெரிந்துவிடும். கேமராப் பதிவுகளையும் அழிவதற்கு முன்னால் வங்கியிடம் கேட்டு வாங்க வேண்டும். வருவாய்க் கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்று தந்தால், அந்த 9,000 பாக்கிக்காக யாரும் எங்களைத் துரத்த முடியாது. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய நிறுவனமே தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் தொட்டு இருக்கும் விதி. எடுத்த பணத்தை அந்த வகையில் பெற்றுத் தர உத்தரவிட வேண்டும்.

இதே ஒப்பந்ததாரர் சில அரசு அலுவலகங்களிலும் சுத்தம் செய்யும் வேலை எடுத்திருக்கிறார். குறைந்த தொகை குறிப்பிட்டவருக்கு டெண்டர் போகிறது. ஆள் எண்ணிக்கையைச் சட்டக் கூலியால் பெருக்கிப் பார்த்தாலே அந்தத் தொகையில் கூலி கொடுக்க முடியாது என்று தெரியும். குறையும் பணம் எங்கள் கையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கூலிக் கணக்குக்குக் கீழே வரும் டெண்டரை வாங்கக் கூடாது என்று மாவட்டத்தில் உள்ள எல்லா அலுவலகங்களுக்கும் தாங்கள் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

பிப்ரவரி 9 அன்று கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுப்பதைப் பேப்பரில் பார்த்திருக்கிறோம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக இதே ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தவர்களில் ஒரு குழந்தை உட்பட 17 பேரின் உயிர், போலீஸ் தடியடியின்போது தாமிரபரணியில் போனது. பாலத்தில் நின்று ஆற்றைப் பார்க்கும்போது எங்களுக்கு அந்த நினைவுதான் வந்தது. அதையும் தாண்டித்தான் வந்திருக்கிறோம்.

விசாரணைக்கு எங்களை ஒப்பந்ததாரர் மூலமாகக் கூப்பிட வேண்டாம். காலை 6 மணிக்கு ஷிப்ட் ஏறி மதியம் 2 மணிக்கு இறங்குவோம், ஆள் குறைந்தால் இரவு வரை நிறுத்திக்கொள்வார்கள். உறையில் உள்ள என் மகளின் நம்பருக்கு மாலை 5 மணிக்கு மேல் சொல்லி அனுப்பினால், எந்த இடத்துக்கும் 14 பேரும் சேர்ந்து வருவோம்.

இணைப்பு: பாஸ்புக் நகல் இரண்டு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தூய்மைப் பணிப் பெண்கள் 14 பேருக்காக.