முன்மேசையிலிருந்து ஒரு நன்றி

பினாங்கு மாநிலம் செபராங் பிறையில் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்தின் படியேறி வந்தவர்களுக்கும், வந்தவர்களுக்குத் துணை நின்றவர்களுக்கும் வணக்கம்.

2008 மார்ச் 8ஆம் தேதி இரவு பினாங்கில் ஆட்சி மாறியது. சில வாரங்களில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பட்டறையைக் கழுவித் துடைத்து, இரண்டு மேசை போட்டு, பலகை மாட்டினோம். தரையில் இருந்த கறுப்பெண்ணெய்க் கறை கடைசிவரை போகவில்லை. வாசலுக்கு நேராக இருந்த மேசை என்னுடையது. இரண்டு வைபிகளிடம், அதாவது சட்டமன்ற உறுப்பினர்களிடம், வேலை செய்தேன். முதலாமவர் இரண்டு தவணை, அடுத்தவர் ஒரு தவணை. 2023 ஜூன் 28ஆம் தேதி சட்டமன்றம் கலைக்கப்பட்டது. அவர் மறுபடி நிற்கவில்லை. நானும் மேசையைக் காலி செய்துவிட்டேன்.

வைபிகள் இருவருக்கும் பிரிவு உபசாரம் நடந்தது, மாலை போட்டார்கள். அதற்கு அவர்கள் தகுதியானவர்களே. ஆனால் அவர்கள் பெயரில் நடந்த வேலைகளில் பாதிக்கு மேல் யார் கை பட்டு முடிந்தன என்பது முன்மேசையில் இருந்த எனக்குத் தெரியும். அந்தக் கைகளுக்குத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

சட்டமன்ற உறுப்பினரால் எல்லாம் முடியும் என்று நம்பித்தான் மக்கள் வருவார்கள். பினாங்குச் சட்டமன்றத்தில் 40 பேர். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் நிலமும் ஊராட்சியும்தான். குடியுரிமை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, போலீஸ் எல்லாம் கூட்டரசின் கையில். எங்கள் மேசைக்கு வந்த கண்ணீரில் பெரும்பகுதி அந்த இரண்டாவது பக்கத்தைச் சேர்ந்தது. சாக்கடை அடைப்புக்கும் எரியாத தெருவிளக்குக்கும்கூட வைபியைத்தான் தேடி வந்தார்கள். 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்ட பிறகு கவுன்சிலரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்த முகம் எதுவோ அதைத்தானே தேடுவார்கள்? அவர்களை ஒருநாளும் நான் திருப்பி அனுப்பியதில்லை. திருப்பி அனுப்பாமல் இருக்க முடிந்ததற்கு, நகராண்மைக் கழகத்தின் குப்பை லாரிப் பிரிவில் இருந்த ஒரு தம்பி காரணம். மாநகர் கழகமாக மாறிய பிறகும் அவர் தொலைபேசி எண் மாறவில்லை, இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் எடுப்பார். நன்றி தம்பி.

ஒரு பெண்பிள்ளையின் கோப்பைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். அப்பா இந்நாட்டுக் குடிமகன், அம்மா இந்தோனேசியக்காரர். கோயிலில் தாலி கட்டியாயிற்று, ஊரே சாப்பிட்டுப் போயிற்று, பதிவு மட்டும் செய்யவில்லை. 1982 மார்ச் 1ஆம் தேதி முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். இவர்கள் பதிவு செய்தது பிள்ளை பிறந்த பிறகு. அதனால் பிள்ளை அம்மாவின் குடியுரிமையைப் பின்பற்றும் என்று ஆகி, பிறப்புப் பத்திரத்தில் "புக்கான் வார்கநெகாரா" (குடிமகன் அல்லாதவர்) என்று விழுந்துவிட்டது. 2010இல் அப்பா அவளை அழைத்து வந்தபோது அவளுக்கு வயது 12. கூட்டாளிகள் எல்லாம் மைகார்டு (அடையாள அட்டை) எடுக்கப் போகிறார்கள், நான் எப்போது போவேன் அக்கா என்று என்னிடம் கேட்டாள்.

அரசியலமைப்பின் 15ஏ பிரிவு அப்போது 21 வயதுக்குட்பட்டவருக்கு ஒரு வழி வைத்திருந்தது. அந்த வழியில் எட்டு வருடம் நடந்தோம். முதல் விண்ணப்பம் திரும்பி வந்ததற்கு என் கவனக்குறைவும் ஒரு காரணம். நகலில் உறுதிமுத்திரை இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. அடுத்த இரண்டு முறையும் ஏற்கவில்லை என்று ஒரே ஒரு வரியில் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை அவளிடம் படித்துச் சொன்ன இரண்டு நாளும் எனக்கு மறக்காது.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் சனிக்கிழமைதோறும் வந்து, பிழையில்லாத மலாயில் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்தார். அவர் சிவப்பு மையால் ஓரத்தில் குறிப்பெழுதிய தாள்களைப் பார்த்துத்தான் நான் இந்த வேலையையே கற்றுக்கொண்டேன். பள்ளி அலுவலகத்து அம்மா பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தூசி தட்டித் தேடி எடுத்தார். திருமணம் செய்துவைத்த குருக்கள் தள்ளாத வயதில் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் தன் சொந்தக் காரில் எங்களை கூட்டரசு நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவுக்கு மூன்று முறை கூட்டிப்போனார். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புவோம், தாப்பாவில் பசியாறுவோம். எண்ணெய்க்காசு நீட்டினால் கையை மடக்கிக்கொள்வார். முதல் வைபி அமைச்சுக்கு எழுதிய கடிதங்களின் நகல் மட்டும் ஒரு கோப்பு நிறைய இருந்தது. இரண்டாமவர் பதவிக்கு வந்த முதல் வாரமே அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கி இரவு முழுக்கப் படித்தார். முன்னவர் தொடங்கியதை அடுத்தவர் எடுத்து முடிப்பது அரசியலில் எல்லா இடத்திலும் நடப்பதில்லை. அதற்காக அவரை நான் என்றும் மதிப்பேன்.

2018 கடைசியில், 20 வயதில், அவளுக்குக் குடியுரிமை கிடைத்தது. முதல் வேலையாக வங்கிக் கணக்கு திறந்தாள். இன்று பட்டர்வொர்த்தில் கணக்காளர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறாள். அந்தக் கோயில் நிர்வாகத்தினர், பதிவுத் தாளைக் காட்டாமல் மண்டபத்துக்குத் தேதி கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். முதலில் சிலர் கோபித்துக்கொண்டார்களாம். கோபத்தைத் தாங்கிக்கொண்ட நிர்வாகத்தினருக்கு என் தனிப்பட்ட நன்றி.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. பிற்பகலில் பிடித்த மழையும் காற்றும் மறுநாளும் விடவில்லை. மாநிலத்தில் ஏழு உயிர்கள் போயின. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) விடிவதற்குள் இடுப்பளவு தண்ணீர். மீனவர்களான இரண்டு மலாய்ச் சகோதரர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். டயலிசிஸுக்குப் போக வேண்டிய ஒரு பாட்டியை முதலில் ஏற்றினார்கள். குருத்துவாராவிலிருந்து சப்பாத்தியும் பருப்பும், கோயில் மண்டபத்திலிருந்து சாம்பார் சாதமும் வந்தன. எதிர்க்கடைச் சீனப் பெரியவர் ஆப்பேக் தன் கடையே தண்ணீரில் கிடக்க, கேஸ் அடுப்பை மேலே தூக்கிவந்து நாள் முழுக்க வெந்நீர் வைத்துக் கொடுத்தார். பால் கலக்க வெந்நீர் இல்லாமல் தவித்த தாய்மார்களுக்கு அதன் அருமை தெரியும். வைபி அன்று எங்கே என்று பிறகு சிலர் கேட்டார்கள். கழுத்தளவு தண்ணீரில் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். படம் எடுக்க யாரும் அங்கே இல்லை.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அரிசியும் மைலோவும் சுமந்து அடுக்குமாடியின் பதினேழாம் மாடிவரை ஏறிய இளைஞர்களே, லிப்ட் பழுதாகிக் கிடந்த நாளிலும் நீங்கள் முகம் சுளித்ததில்லை. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளராகிறார்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு பாரத்தையும் கையால் நிரப்பிப் பெயர் பதிந்து கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் என் நன்றி.

வீட்டைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. கோவிட் ஆண்டுகள் நீங்கலாக, தைப்பூசந்தோறும் தண்ணீர்மலை அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தலில் நின்றேன், என் பிள்ளைகளை என் மாமியார்தான் மலையேற்றிக் கூட்டிப்போனார். ஒருமுறைகூட ஏன் என்று கேட்டதில்லை. அத்தை, உங்களுக்கு நான் பட்ட கடன் பெரிது.

சட்டமன்றம் கலைந்த பிறகு இரண்டு வாரம் உட்கார்ந்து, எங்களிடம் இருந்த மூலப் பத்திரங்களை உரியவர்களிடமே ஒப்படைத்தோம். முடியாமல் நிற்பவை ஒன்பது. எல்லாம் குடியுரிமைக் கோப்புகள். உரியவர்களின் சம்மதத்தோடு அவற்றைப் புதிய வைபியின் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன், இரும்பு அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. தலைமையாசிரியை சனிக்கிழமை காலை அங்கேயும் வந்து உட்கார்கிறார். பத்து மணிக்குள் போனால் பார்க்கலாம்.

அன்புடன்,
முன்மேசை அக்கா