கணினிக் கூடத்தை இணையத்திலிருந்து துண்டிக்கச் சொன்னவர்களுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இல் இயங்கும் பாடசாலைக் கணினிகளை இணையத்தில் இணைக்க வேண்டாம், மாற்று ஏற்பாடு பின்னர் அறிவிக்கப்படும் என்ற உங்கள் கடிதம் எங்கள் அதிபரின் மேசைக்கு வந்து, அங்கிருந்து என் கைக்கும் வந்தது. அன்றே இணைப்பைக் கழற்றிவிட்டோம். அந்தத் தவணை முடிந்து அடுத்த தவணையும் தொடங்கிவிட்டது. மாற்று ஏற்பாடு பற்றி ஒரு வரி கூட வரவில்லை. கேட்டால், மேலிடத்திலிருந்து இன்னும் வரவில்லை என்கிறார்கள். அதனால்தான் எல்லோரும் பார்க்க இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். இருக்கிற கணினிகளைப் பாதுகாப்பாகத் தொடர்ந்து பயன்படுத்தும் வழியை எழுத்தில் சொல்லுங்கள், அதைச் செய்வதற்கான அனுமதியையும் எழுத்தில் தாருங்கள்.

உங்கள் கடிதம் காரணமில்லாமல் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். 2015 இல் வந்த விண்டோஸ் 10 க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. மாதாமாதம் தானாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் இப்போது அப்படி வருவதில்லை. கணினி வழமைபோல் இயங்கும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டை அடைபடாமலே கிடக்கும். விண்டோஸோடு கூடவே வருகிற டிபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு வைரஸ் பட்டியல் 2028 ஒக்டோபர் வரை வரும்தான். ஆனால் பணிசெயல் முறைமையான விண்டோஸிலேயே இருக்கும் ஓட்டையை அது அடைக்காது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் பிரித்தானிய வைத்தியசாலைகள் வரை முடக்கியபோது, அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. திருத்தம் ஏற்றாமல் கிடந்த கணினிகள்தான் அகப்பட்டன. இதை என் மாணவர்களுக்கு நானே படிப்பிக்கிறேன். ஆகவே பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்கு நீங்கள் சொன்ன பரிகாரம்தான் பிள்ளைகளின் தலையில் விழுந்திருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன்.

உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு பல்கலைக்கழக விண்ணப்பத்தை ஒன்லைனில் நிரப்ப வேண்டும். எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளில் கணினி கிடையாது. ஒரு வீட்டில் ஒரு போன் இருக்கும், அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். அதனால் வருடாவருடம் பிள்ளைகள் எங்கள் கூடத்துக்குத்தான் வருவார்கள். நானும் பக்கத்தில் இருப்பேன். எந்தத் துறையை முதலில் போடுவது, எதை அடுத்ததாகப் போடுவது என்று பெறுபேற்றை வைத்துக்கொண்டு ஆறுதலாகக் கதைத்து, கடதாசியில் எழுதிப் பார்த்து, பிறகுதான் கணினியில் பதிவோம். அந்த ஒழுங்கு மாறினால் பிள்ளையின் படிப்பே மாறிவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தமுறை கூடத்தில் இணையம் இல்லை. பாடசாலைக்கு வந்த ஒரு பிள்ளையை ரவுணில் உள்ள ஒரு கடைக்குத்தான் அனுப்ப முடிந்தது. அவளுடைய தாய் கூலி வேலைக்குப் போகிறவர். பிள்ளையைத் தனியே அனுப்பப் பயந்து, அன்றைய கூலியை விட்டுவிட்டுக் கூடவே போனார். காலை பஸ்ஸைத் தவறவிட்டால் பிறகு பின்னேரம்தான் என்பதால் நானும் அவர்களோடு போனேன்.

அந்தக் கடையின் கணினியில் இருந்தது விண்டோஸ் 7. அதற்கு ஆதரவு முடிந்தது 2020 ஜனவரியில். அதில் கிடந்த குரோம் 109 ஆம் பதிப்பு, அதற்குமேல் விண்டோஸ் 7 க்குக் குரோம் வரவே இல்லை. முகப்புத் திரை முழுக்க ஊர்ச் சனத்தின் அடையாள அட்டைகள், ஸ்கான் செய்தபடியே, யாரும் அழிக்காமல். பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள், யாரோ ஒரு பெண்ணின் கடவுச்சீட்டு. பிள்ளையின் கடவுச்சொல்லை அடித்ததும் சேமிக்கவா என்று குரோம் கேட்டது. வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், கடைத் தம்பி யோசிக்காமல் 'ஆம்' என்பதை அமத்தினார். நான் சொல்லித்தான் பிறகு அழித்தார். அவரில் நான் பிழை சொல்லவில்லை, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்தக் கடவுச்சொல் அங்கேயே கிடந்திருக்கும். மற்றப் பிள்ளைகளுடையவை கிடக்கின்றனவோ யாருக்குத் தெரியும்.

தயவுசெய்து இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஆதரவு முடிந்து சில மாதங்களேயான, ஒரு ஆசிரியர் பக்கத்தில் நின்று கவனிக்கிற கணினியைப் பாதுகாப்பில்லை என்று மூடினோம். ஆதரவு முடிந்து ஐந்து வருடத்துக்கு மேலான, யாரும் கவனிக்காத கணினியில் பிள்ளையின் அடையாள அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பாதுகாப்பு என்ற பெயரில் நடந்திருப்பது இதுதான்.

விண்டோஸ் 11 ஐ ஏற்றினால் என்ன என்று ஒருவர் தொலைபேசியில் கேட்டார். எங்கள் கூடத்தில் இருப்பவை நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலி கொண்ட பழைய கணினிகள், நன்கொடையாக வந்தவை. விண்டோஸ் 11 க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும். இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். சுத்துமாத்து வழிகளில் ஏற்றலாம்தான். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தருவதில்லை. திருத்தத்துக்காகத்தானே இவ்வளவு பாடும்.

வேறு வழிகள் இருக்கின்றன. இரண்டைச் சொல்கிறேன், இரண்டுமே உங்கள் கையொப்பம் இல்லாமல் நகராது.

முதலாவது, ஆதரவு முடிந்த பிறகும் விண்டோஸ் 10 க்கு மைக்ரோசொப்ட் தரும் நீடித்த திருத்தங்களைக் காசு கொடுத்து வாங்குவது. கல்வி நிறுவனங்களுக்கு மைக்ரோசொப்ட் வைத்திருக்கும் விலை ஒரு கணினிக்கு முதல் வருடம் ஒரு டொலர், இரண்டாம் வருடம் இரண்டு, மூன்றாம் வருடம் நான்கு. மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஏழு டொலர். இன்றைய நாணய மாற்றில் பார்த்தாலும் ஒரு கணினியின் விசைப்பலகையும் மவுசும் மாற்றுகிற செலவுக்கு மேல் போகாது. ஆனால் இதை நிறுவன மட்டத்தில் ஒப்பந்தம் செய்துதான் வாங்க முடியும். வன்னியில் ஒரு பாடசாலை ஆசிரியர் தன் சம்பளக் காசில் கடையில் வாங்குகிற பொருள் இல்லை இது. அதோடு, கணினிகளில் உள்ள விண்டோஸ் முறையான உரிமத்தோடு இருக்க வேண்டும். நன்கொடையாக வந்த கணினிகளில் எதற்கு உரிமம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று யாரும் இதுவரை வந்து பார்க்கவில்லை.

இரண்டாவது, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாக ஏற்றக்கூடிய லினக்ஸ் என்ற பணிசெயல் முறைமை. இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

கூடத்தில் ஒரு கணினியின் வன்தட்டைத் தொடாமலே, பென் டிரைவிலிருந்து லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை இயக்கி அதிபருக்குக் காட்டினேன். நாலு ஜீபி நினைவகத்தில் அதன் எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்ற பாரம் குறைந்த பதிப்பு தாராளமாக ஓடியது. எங்கள் பிரிண்டரை அது தானாகவே கண்டுபிடித்தது. தவணைப் பரீட்சை வினாத்தாள் ஒன்றை, மைக்ரோசொப்ட் ஒபிஸுக்குப் பதிலான இலவச மென்பொருளான லிப்ரே ஒபிஸில் திறந்தோம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வினாத்தாள் அது. முதலில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தது, அதிபரின் முகம் மாறிவிட்டது. பாமினி எழுத்துருவை அதற்குரிய கோப்புறையில் போட்டுத் திரும்பத் திறந்ததும் தமிழ் வந்தது. ஓரிரு அட்டவணைகளில் கோடு விலகியிருந்தது, அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து விரிதாளில் கூட்டுத்தொகை எடுத்துக் காட்டினாள். விண்டோஸ் இல்லை என்பதையே அவள் கவனிக்கவில்லை. உயர்தரத்துக்கு நாங்கள் படிப்பிக்கும் பைதன் நிரல்மொழி அதிலும் அப்படியேதான் இயங்குகிறது. லினக்ஸ் மின்ட் 22 க்கு 2029 ஏப்ரல் வரை திருத்தங்கள் வரும், ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.

பிறகு ஏன் இன்னும் ஏற்றவில்லை என்று கேட்பீர்கள். கணினிகள் பாடசாலையின் பொருட்பதிவேட்டில் இருக்கின்றன. விண்டோஸோடு வந்த கணினி என்று பதிந்திருக்கிறது. நாளைக்குக் கணக்காய்வுக்கு வருகிறவர் விண்டோஸ் எங்கே, யாருடைய அனுமதியோடு அழித்தீர்கள் என்று கேட்டால் அதிபர் எந்தக் கடிதத்தைக் காட்டுவார்? பரீட்சைக்கு வருகிறவர் இதில் செய்முறை நடத்த முடியாது என்றால் பிள்ளைகளின் கதி என்ன? அதிபர் ஓய்வு பெறக் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது. தயங்குகிறார், அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. இணைக்காதே என்று எழுத்தில் சொல்ல உங்களால் முடிந்தது. ஏற்று என்று எழுத்தில் சொல்லவும் உங்களால் முடியும்.

இது எங்கள் ஒரு பாடசாலையின் கதை இல்லை. மாங்குளம், ஒட்டுசுட்டான், மல்லாவி, நெடுங்கேணி என்று எந்தப் பக்கம் போய்க் கணினி ஆசிரியரோடு கதைத்தாலும் இதே பேச்சுத்தான். விண்டோஸ் 7 முடிந்தபோதும் இப்படித்தான் நடந்தது. அப்போது ஒதுக்கிய கணினிகள் இன்னும் மேடைக்குப் பின்னாலுள்ள அறையில் தூசி படிந்து கிடக்கின்றன. கழிக்கவும் அனுமதி வரவில்லை, திருத்தவும் காசு வரவில்லை. 2009 க்குப் பிறகு திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழே வகுப்பு நடத்திய பாடசாலைகள் இவை. கொரோனாக் காலத்தில் எங்கள் பிள்ளைகள் குளக்கட்டில் ஏறி நின்று சிக்னல் பிடித்து ஸூம் வகுப்புப் பார்த்தார்கள். எதைத் தந்தாலும் அதை வைத்துப் படித்துக் காட்டிய பிள்ளைகள். டிஜிட்டல் பொருளாதாரம், ஸ்மார்ட் வகுப்பறை என்று மேடைகளில் பேசும்போது கைதட்டுகிறோம். ஒரு திரையைக் கொண்டுவந்து சுவரில் பூட்டி, நாடா வெட்டி, படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த மாதம் அதன் கேபிள் பழுதானால் யாரைக் கேட்பது என்று தெரிவதில்லை. பத்து வருடத்தில் ஆதரவு முடியும் என்று தெரிந்த ஒரு மென்பொருளுக்கு, முடிந்த பிறகு கடிதம் வருகிறது. முடியும் திகதியை மைக்ரோசொப்ட் நெடுநாளைக்கு முன்பே அறிவித்திருந்தது. அதற்கு முதல் ஆயத்தம் செய்ய எவ்வளவு காலம் இருந்தது!

கோபத்தில் கொஞ்சம் கூடக் கதைத்துவிட்டேனோ தெரியாது. உங்களிலும் பலர் வகுப்பறையில் நின்று படிப்பித்துவிட்டு அந்தக் கதிரைக்குப் போனவர்கள், எங்கள் கஷ்டம் தெரிந்தவர்கள். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

பெரிய திட்டம் எதுவும் நாங்கள் கேட்கவில்லை. புதுக் கணினி தந்தால் சந்தோசம், அதற்காகக் காத்திருக்கப் பிள்ளைகளுக்குத்தான் நேரமில்லை. வலயத்தில் உள்ள கணினி ஆசிரியர்களைக் கணினி வள நிலையத்துக்கு ஒரு சனிக்கிழமை கூப்பிடுங்கள். லினக்ஸ் ஏற்றுவது, பாமினிக் கோப்புகளைத் திறப்பது, பிரிண்டரை இணைப்பது, பிள்ளைகளின் வேலைகளை முதலில் பிரதி எடுத்து வைப்பது, இவ்வளவையும் ஒரு நாளில் காட்டிவிடலாம். ஏற்கெனவே தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம், படிக்காசு வேண்டாம். விண்டோஸ்தான் வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்தால் அதுவும் சரி, நீடித்த திருத்தத்தை எல்லாப் பாடசாலைகளுக்கும் சேர்த்து வாங்கித் தாருங்கள். எந்த முடிவாக இருந்தாலும் அது வரும்வரை, பல்கலைக்கழக விண்ணப்பம், பரீட்சை விண்ணப்பம் போன்ற அலுவல்களுக்காக ஒரே ஒரு கணினியில் மட்டும் லினக்ஸ் ஏற்றி, ஆசிரியரின் மேற்பார்வையில் இணையத்தில் இணைக்க இடைக்கால அனுமதி தாருங்கள். இதற்குச் செலவே இல்லை, ஒரு கடிதம் போதும்.

திரும்பவும் பணிவாகக் கேட்கிறேன். இருக்கிற கணினிகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் வழியையும் அதற்கான அனுமதியையும் எழுத்தில் தாருங்கள். அடுத்த விண்ணப்பக் காலம் தொடங்குவதற்கு முன்னர் அது அதிபர்களின் கைக்குக் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
கணினிப் பாட ஆசிரியர் ஒருவர்,
வன்னி